சுடாத கால்

1

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்து, டொராண்டோ குளிரில் வந்து மாட்டிக்கொண்ட குடும்பங்கள் சேர்ந்து இங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட ஹால் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். ஜிகர்தண்டா என்ற பெயரில் எதையோ கலக்கிக் குடிப்போம். பிள்ளைகள் புரியாத பாட்டுக்கு ஆடுவார்கள். கடைசியில் ஓர் ஆண்டு மலர் வெளியாகும். இந்த வருடம் சங்கத்துக்குப் பத்து வயது. மலர்க்குழுச் செயலாளர் போன வாரம் போன் செய்தார்.

"அண்ணே, அப்பா காலப் பத்தி எழுதுனீங்களே, படிச்சுட்டு அழுதுட்டேன்ணே. அதே மாதிரி நெகிழ்ச்சியா ஒண்ணு வேணும். இந்த மலர ஊருக்கும் அம்பது காப்பி அனுப்புறோம்."

எழுதித் தருகிறேன் என்றேன். அந்தப் பழைய கட்டுரையை எழுதியவனை நினைத்தால் இப்போது எனக்குக் குமட்டுகிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். தலைப்பு 'பூ விரித்த பாதை'. என் அப்பா மதுரையில் டவுன் பஸ் கண்டக்டர். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும்போது, முன்னால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகும் நேர்த்திக்கடன்காரர். ஒரு வருடம் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தும் அவருக்குச் சூடே தெரியவில்லை. அழகர் அவர் பாதத்துக்கு அடியில் பூ விரித்திருந்தார் என்று முடித்திருந்தேன். ஹாலில் வாசித்தபோது கைதட்டல் நிற்கவில்லை.

அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டதை இந்த வருடம் எழுதுகிறேன். நெகிழ்ச்சியாக இருக்காது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரலாம்.

2

நான் ரொட்டித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கும் வேலை. உடைந்த கேக், நசுங்கிய டோனட் எல்லாம் தொழிலாளிகளுக்கு இலவசம். எட்டு வருடமாக உடைந்ததை எல்லாம் நான்தான் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் குளிருக்கு என்று ஒரு பெக், அந்தக் குளிர் போகவில்லை என்று இன்னொன்று, பிறகு எண்ணுவதில்லை. சர்க்கரை இருக்கிறது என்று நாலு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். மாத்திரை போடுவேன், ஞாபகம் வந்தால்.

இந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசலில் பனி அள்ளிவிட்டு உள்ளே வந்து சோபாவில் விழுந்தேன். இங்கே சுவரின் அடியோடு நீளமாக ஒரு ஹீட்டர் ஓடும். ஈர சாக்ஸோடு இரண்டு காலையும் அதன்மேல் சாய்த்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை. சிம்மக்கல் பக்கம் கறிக்கடையில் ஆட்டுக்காலைத் தீயில் வாட்டுவார்களே, அதே வாடை. சொல்லவே கூசுகிறது, எனக்கு வாயில் எச்சில் ஊறியது. யார் வீட்டில் ஆட்டுக்கால் சூப்பு என்று யோசித்தேன்.

மாடியிலிருந்து மகள் காவ்யா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசினால் வார்த்தை கால் உடைந்து வரும்.

"அப்பா, என்ன அது ஸ்மெல்லு?" என்றவள் கீழே பார்த்துவிட்டு அலறினாள். "அப்பா! உங்க கால்! கால் எரியுது!"

எடுத்தேன். ஒரு காலில் சாக்ஸ் உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. வலிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாழைப்பழத் தோலை உரிப்பது போல என் காலை நானே உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவ்யா 'யக்' என்று சொல்லிவிட்டுச் சமையலறைத் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அவள் மூக்கைப் பொத்திய விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம்.

3

அப்பாவின் பஸ் சிம்மக்கல்லுக்கும் அழகர்கோவிலுக்கும் நடுவே ஓடியது. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒரு டீ, சீனி தூக்கலாக. மத்தியானத்துக்குள் எத்தனை நடையோ அத்தனை டீ. ஐம்பது வயது தாண்டியபோது அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. செருப்பைத் தொலைத்துவிடுவார். கோவில் வாசலில் விடுவதுபோல அல்ல, நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு காலிலிருந்து செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்.

"கண்டக்டரண்ணே, செருப்ப ஸ்டாப்புலயே எறக்கி விட்டுட்டீங்க! அதுக்கு டிக்கெட் கிழிக்கலயா?" என்று பிரயாணிகள் கிண்டல் செய்வார்கள்.

ஒருநாள் டிப்போவிலிருந்து தல்லாகுளத்தில் எங்கள் வாடகை வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். நான் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "ஏய் சுந்தரு, ஓடியா, அப்பா ஒத்தச் செருப்போட வாராருடா!" என்று கத்தினேன். என் தம்பி சுந்தர் ஓடி வந்து சிரித்தான். அம்மா சிரித்தாள். அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். எந்த மெஷினில் எந்த பாகம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன் என்று பீற்றிக்கொள்பவன்.

கால் மரத்துப்போகிறது என்று அவரே சொன்னபோது, சிம்மக்கல் லாட்ஜ் ஒன்றில் வாரம் ஒருமுறை வந்து அறை எடுத்து உட்காரும் ஒரு 'நரம்பு டாக்டரிடம்' கூட்டிப்போனோம். சுவரில் பயில்வான்கள் படம். அந்த ஆள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு, "நரம்பு தளந்து போச்சுண்ணே, பத்து ஊசி போட்டா குதிர மாதிரி ஓடுவீங்க" என்றான். ரோஸ் நிறத்தில் ஒரு ஊசி. பெரிய பாட்டிலில் டானிக். சர்க்கரை இருக்கிறதா என்று அவன் கேட்கவே இல்லை, நாங்களும் சொல்லவில்லை. பாகு போலத் தித்திக்கும் அந்த டானிக்கை அப்பா குடித்துவிட்டு ஸ்பூனை நக்குவார். நரம்பைத் தின்றுகொண்டிருந்தது சர்க்கரை. அதற்கு மருந்தென்று நாங்கள் ஊட்டியதும் சர்க்கரைதான்.

4

கால் வெந்ததற்கு இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டிய பிறகும் என்னை விடவில்லை. கவுன்சலிங் வகுப்புக்குப் போகவேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை ஊரில் சுந்தரிடம் போனில் சொன்னபோது, "கவுன்சிலிங்கா? காவ்யாவுக்கு இஞ்சினியரிங் சீட்டாண்ணே? அதுக்குள்ளயா?" என்றான். அவன் மேல் தப்பில்லை, எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அந்த ஒரு வேலைதான். எனக்குக் காலில்தான் கோளாறு, தலையில் இல்லையே, எதற்கு என்னை உட்கார வைத்துப் பேசவேண்டும் என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அதற்கு முன் படிவங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், எத்தனை நேரம் நடக்கிறாய், வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறாய், கடைசியாக எப்போது அழுதாய். கடைசிக் கேள்விக்கு ஒரு கோடு போட்டுவிட்டேன். தொழிற்சாலை ஆங்கிலம் எனக்கு வரும், உடம்புக்கான ஆங்கிலம் வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற கட்டத்தில் குறி போட்டால் ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். மனைவிக்கு அன்று வேலை. காவ்யாவைக் கூட்டிப்போனேன்.

வகுப்பு நடத்தியவர் பெயர் மார்சியா. ஜமைக்காவில் பிறந்த நர்ஸ், கனத்த உடம்பு, சிரித்த முகம். மேஜையில் பிளாஸ்டிக் சோற்று உருண்டை, பிளாஸ்டிக் கேக், பிளாஸ்டிக் மீன். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். இரண்டு என்று தமிழில் சொன்னேன். காவ்யா ஆங்கிலத்தில் நாலு என்றாள், சில நாள் ஐந்து என்று சேர்த்துக்கொண்டாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும் என்று தெரிந்தே சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு மார்சியா என் நல்ல காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அருவருப்பே இல்லாமல். கண்ணை மூடிக்கொள், நான் தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்ப ஆரம்பிப்பாங்கன்னு கேளு" என்றேன் காவ்யாவிடம்.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றாள். அவள் குரல் ஒருமாதிரி இருந்தது. "பத்து தடவ தொட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல."

கண்ணைத் திறந்தேன். மார்சியா கையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. என் காலில் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, செத்தது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அதற்கு ஊசி ஒன்றும் கிடையாதாம். டோனட்டை விடு, மாத்திரையை விடாதே, குடியை நிறுத்து, அதுவும் நரம்பைத் தின்னும். நட. ஒழுங்காகத் தூங்கு. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடு. ஷூவுக்குள் காலை விடுமுன் கையை விட்டுத் துழாவு. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார். தினமும் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காலோடு நிற்காது, மூளை வரைக்கும் போகும், அங்கே போன பிறகு என்னிடம் வராதே என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கடைசியாகக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் காவ்யா பெருமையாகச் சொன்னாள், எங்கள் தாத்தாவுக்கு ஓர் அதிசயம் நடந்தது என்று. தார் ரோடு, வெயில், சாமி, பூ. சங்க மேடையில் நான் வாசித்ததை வரிவரியாக ஞாபகம் வைத்திருந்தாள். தமிழில் அவள் மனசில் நின்றதே அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. மார்சியாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவர் எதனால் இறந்தார் என்று கேட்டார்.

காவ்யா என் பக்கம் திரும்பினாள். "தாத்தா எப்படிப்பா செத்தாங்க?"

அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

5

தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் விரதம் இருந்து, பளபளக்கும் உடுப்பும் தலைப்பாகையும் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு, சின்னக் குழாய் வழியாக அழகர் வரும் பாதையிலும் கூட்டத்தின் மேலும் பீய்ச்சிக்கொண்டே போவார்கள். செருப்புக் கிடையாது. சித்திரை வெயிலில் புதூர் தாண்டினால் தார் இளகிக் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் அப்பா ஈரம் பட்ட இடமாகப் பார்த்துத் தாவித் தாவித்தான் தல்லாகுளம் வந்து சேர்வார். "தாயளி வெயிலு" என்று அழகருக்குக் கேட்காமல் முனகுவார். அம்மா வீட்டில் விளக்கெண்ணெயோடு காத்திருப்பாள்.

அந்த வருடம் அவர் தாவவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் நிழல் தேடிக் குதித்துக்கொண்டிருந்தபோது, நடுரோட்டில் நின்று பழைய டிரைவர் ஒருவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, ஒனக்குக் காலு சுடலயா?" என்றார் அந்த டிரைவர், ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கியபடி.

அப்பா குனிந்து தன் காலையே ஆச்சரியமாகப் பார்த்தார். "அட, ஆமாய்யா. சுடல. ஒண்ணுமே சுடல. மெத்தையில நிக்கிற மாதிரில்ல இருக்கு!"

நான் பக்கத்தில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். முதலில் கத்தியவன் நான்தான். "எங்கப்பாவுக்குச் சுடலயாம்! இம்புட்டு வெயில்லயும் சுடலயாம்! அழகரு பூ விரிச்சிருக்காரு!" ஒரு அம்மாள் சட்டென்று அவர் காலில் விழுந்தாள். அப்புறம் வரிசை. அப்பா அழுதார். நானும் விழுந்து கும்பிட்டேன். அவர் காலுக்கும் ரோட்டுக்கும் நடுவே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அழகர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் பாட்டுக்கு வந்தார், போனார். பூ விரித்த கதையை அவர் தலையில் கட்டியது நான்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால் தோல் தனியாகத் தொங்கியது. அம்மா டாக்டரிடம் போகலாம் என்றாள். சாமி போட்ட தடத்தில் மருந்து போடலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அந்தப் புண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குங்குமம் வைத்தார்கள். மூன்று நாள் தெருவே வந்து தொட்டுக் கும்பிட்டது. யார் யார் கையோ. நாலாம் நாள் குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

தல்லாகுளத்திலேயே சின்னதாக ஒரு கிளினிக். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். காலைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கட்டுப் போட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். சீனி, சோறு, நடை, செருப்பு, காலுக்குள் இருக்கும் நரம்பு எப்படிச் சாகிறது. வெளியே பத்துப் பேர் காத்திருக்க, அரை மணி நேரம் பேசினார்.

"ஊசி போடுங்கம்மா" என்றார் அப்பா.

"ஊசி கெடக்கட்டும்யா. சொல்றதக் கேளுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான மூத்த மகன்? தெனமும் வேல முடிஞ்சு வந்ததும் இவரு உள்ளங்காலத் திருப்பிப் பாருங்க. கல்லு குத்தினாலும் கண்ணாடி குத்தினாலும் இவருக்குத் தெரியாது. அவருக்கு வலிக்காது தம்பி. அவருக்குப் பதிலா நீங்கதான் பாத்துச் சொல்லணும்." மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு பாதத்தை வரைந்து, எங்கெங்கே பார்க்கவேண்டும் என்று வட்டம் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அப்பா, "என்னடா இது, ஊசி போடத் தெரியாத டாக்டரு" என்றார்.

"வாயாலயே வைத்தியம் பாக்குறாங்கப்பா" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வாரமே லாட்ஜுக்குப் போய் ரோஸ் ஊசி போட்டுக்கொண்டோம். பாதம் வரைந்த சீட்டு என் சட்டைப் பையிலேயே துவைத்துக் கூழாகிப் போனது.

மார்சியா சொன்னதில் பாதி இது. இருபது வருடத்துக்கு முன், தமிழில், என் முகத்தைப் பார்த்து, என் தெருவிலேயே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் கூடத் தேவைப்படவில்லை.

6

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் நான் வராந்தாவுக்குப் போய் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாடையை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே சுந்தர்தான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பா தலையைத் தூக்கி, "பெரியவன் எங்கடா?" என்று கேட்பது வராந்தா வரை கேட்கும். "மருந்து வாங்கப் போயிருக்கான்ப்பா" என்பான் சுந்தர். எனக்காக அவன் எத்தனை முறை மருந்து வாங்கியிருப்பானோ தெரியாது.

ஒரு மகன் அப்பாவின் காலில் விழலாம், அது சுலபம். தீபாவளிக்கு விழுந்திருக்கிறேன், டிப்ளமோ பாஸான அன்று விழுந்திருக்கிறேன், நடுரோட்டில் அத்தனை பேர் பார்க்க விழுந்திருக்கிறேன். அந்தக் காலைப் பிடித்துத் திருப்பி அடியில் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

கடைசியில் அது தலைக்கும் போனது. ஒரு காலையில் வாய் கோணிக்கொண்டது, வலது கை விழுந்துவிட்டது. படுத்த படுக்கையாக, இடது கையால் நியூஸ்பேப்பரைக் கிழித்துக் கிழித்து வருகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தார். "சிம்மக்கல்லு எறங்கு, சிம்மக்கல்லு" என்பது மட்டும் குழறிக் குழறி வரும். நான் அப்போது வளைகுடாவுக்கு விசா வந்து கிளம்பிவிட்டேன். போகும்போது எனக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவர் போனபோது நான் ஊரில் இல்லை.

வகுப்பு முடிந்து காரில் வரும்போது இதையெல்லாம் காவ்யாவிடம் சொன்னேன். முடிந்த அளவு சின்னத் தமிழில் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அப்ப ஏன் ஸ்டேஜ்ல பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள். கைதட்டுவார்கள் என்பதற்காகத்தான்.

7

சுந்தர் இப்போது சிம்மக்கல்லில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து, லாமினேஷன் செய்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். அதைப் படித்த வருடத்திலிருந்து அப்பாவின் தோல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவனும் தண்ணீர் பீய்ச்சுகிறான். அவனுக்கும் சர்க்கரை. முப்பத்தெட்டு வயது.

வகுப்பிலிருந்து வந்த மறுநாளே, வெளிநாட்டுக்குப் பேச நிமிடக் கணக்கில் விற்கும் காலிங் கார்டு வாங்கி அவனைக் கூப்பிட்டேன். திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"சுந்தரு, இந்த வருசம் செருப்புப் போட்டுக்கிட்டு நடடா. இல்லாட்டி போகாத."

"என்னண்ணே பேசுறீங்க? செருப்புப் போட்டுக்கிட்டு அழகருக்கு முன்னாடி போறதா?" சிரித்தான். "நீங்க எழுதுனத தெனம் வாசிச்சுட்டுத்தான்ணே வண்டி எடுக்குறேன்."

"அதக் கழட்டிக் குப்பையில போடு. அது பொய்யி."

"அப்பாவுக்குச் சுடாதது பொய்யா? நானும் அங்கனதான நின்னேன்?"

நான் சொல்லச் சொல்ல, அவன் என்னுடைய வரிகளையே எனக்கு வாசித்துக் காட்டினான். எழுதியவனை விட நன்றாக வாசித்தான். சர்க்கரை பார்த்தாயா என்று கேட்டால் பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன் என்றான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காலுக்கென்ன? நல்லாத்தான் இருக்கு. லேசா மரத்த மாதிரி வரும். பிரேக்கு மேலதான் கால் இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கிருவேன், அம்புட்டுத்தான். ஒரு நா பிரேக்குன்னு நெனச்சு வெறுந் தகரத்த மிதிச்சிட்டேன்ணே!" என்று சொல்லி அவன் சிரித்த சிரிப்பு, நாங்கள் ஒற்றைச் செருப்பைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

கத்தினேன். டாக்டரிடம் போ, நாளைக்கே போ என்றேன். "சரிண்ணே, வாரேன்ணே, சவாரி நிக்கிது" என்று வைத்துவிட்டான். அடுத்த மூன்று வாரமும் நான் கூப்பிட்டபோதெல்லாம் அவன் சவாரியில் இருந்தான். அவன் மனைவி விஜயா, "சொல்றேன் மாமா, சொல்றேன் மாமா" என்றாள்.

8

திருவிழா முடிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை. எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். முதல் மணியிலேயே போனை எடுத்தான். என் அழைப்புக்காகவே காத்திருந்திருக்கிறான்.

"அண்ணே! சுடவே இல்லண்ணே!"

நான் டிவியை அணைத்தேன்.

"கேக்குதாண்ணே? புதூர்லருந்து தல்லாகுளம் வரைக்கும் ஒண்ணுமே சுடல. எல்லாப் பயலுகளும் குதிக்கிறாய்ங்க, நான் பாட்டுக்கு நிக்கிறேன். அப்பாவுக்கு மாதிரியே! நீங்க எழுதுன மாதிரியே!" அவன் அழுதுகொண்டிருந்தான். சந்தோஷத்தில்.

"விஜயாகிட்ட குடு."

"மாமா, நல்லாருக்கீங்களா?" விஜயாவின் குரலிலும் அதே பூரிப்பு. "தெருவே வந்து இவர் கால்ல விழுந்துட்டுப் போகுது மாமா. இப்பத்தான் மஞ்சத் தண்ணி ஊத்துனோம்."

"விஜயா, நான் சொல்றத மட்டும் செய். அவன உக்கார வச்சு உள்ளங்காலத் திருப்பிப் பாரு."

"ஐயோ, எதுக்கு மாமா?"

"நீ பாரு. ரெண்டு காலையும் பாரு. போன வைக்காத."

ஸ்பீக்கரை அமுக்கிவிட்டுப் போனாள் போலிருக்கிறது. தெருச் சத்தம் கேட்டது. எங்கோ மைக்கில் பாட்டு. "அங்கிட்டுத் திரும்புங்க, வெளிச்சத்துக்கு" என்று விஜயா சொன்னாள். "கூசுதுன்னு சொல்லுவீங்களே, கூசலயா?" என்றாள். "தொட்டியா என்ன?" என்றான் சுந்தர். கார்டில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் நடுவே வந்து சொல்லிவிட்டுப் போனது. காவ்யா மாடிப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா..." விஜயாவின் குரல் கிட்டத்தில் வந்தது. பூரிப்பு போய்விட்டிருந்தது. "கொப்புளமா உரிஞ்சு கெடக்கு மாமா. அதுல... வலது கால்ல... ஒரு ஆணி. தலை மட்டுந்தான் வெளிய தெரியுது. உள்ளுக்குள்ள முழுசா..."

அவள் அவன் பக்கம் திரும்பிக் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, இது எப்பங்க குத்துச்சு?"

"எது?" என்றான் என் தம்பி.